ஆன்லைன் வகுப்பு எடுக்கப் போகும் கல்லூரி ஆசிரியருக்கு: ஒரே செமஸ்டரில் தேறுவது எப்படி?

ஐந்து நாள் ஆன்லைன் எஃப்.டி.பி.யில் (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) பெயர் கொடுத்து, கடைசி நாள் ஃபீட்பேக் ஃபார்மை நிரப்பி அனுப்பினால் சான்றிதழ் மெயிலுக்கு வந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடில் அறுபது பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று பெரும்பாலான எஃப்.டி.பி.க்களில் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் செய்து செய்துதான் கற்க வேண்டும், கூடவே பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பணம் அதிகம் செலவழிக்காமல், இருக்கிற வேலையோடு சேர்த்து, ஒரு செமஸ்டருக்குள் இதைச் செய்ய ஒரு வழி கீழே இருக்கிறது. லேப்டாப், ஒயர் உள்ள இயர்போன், நம்பிக்கையான ஒரு சக ஆசிரியர், இவ்வளவு இருந்தால் போதும்.

படி 1: முதலில் மாணவராகச் சேருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவங்களில் படிப்புகள் தொடங்கும். அதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். அமைப்பின் படிப்புகள் 4, 8, 12 வாரங்கள் என்று இருக்கும். சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்ட வேண்டும். தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. ஏற்றுக்கொண்ட சில படிப்புகளை முடித்தால் எஃப்.டி.பி. சான்றிதழும் கிடைக்கும், எது எது என்பதை உங்கள் கல்லூரியின் என்.பி.டி.இ.எல். பொறுப்பாளரிடம் (ஸ்பாக்) கேட்டால் சொல்லிவிடுவார். பதவி உயர்வுக்காகச் சேர்பவர்கள் அந்தப் படிப்பு சி.ஏ.எஸ்.-க்கு (ஆசிரியர் பதவி உயர்வுத் திட்டம்) கணக்கில் வருமா என்று கல்லூரியின் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்தப் படிப்பை எடுப்பது? கற்பித்தல் பற்றிய படிப்பு கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு துறையை எடுங்கள், வணிகவியல் ஆசிரியர் என்றால் பைத்தான், இயற்பியல் ஆசிரியர் என்றால் பொருளாதாரம். தெரிந்த பாடத்தில் சேர்ந்தால் நீங்கள் ஆசிரியராகவே உட்கார்ந்து, வீடியோவில் வருபவர் நடத்துவதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். தெரியாத பாடத்தில்தான் வீடியோவின் எந்த இடத்தில் உங்கள் கை வாட்ஸ்அப்புக்குப் போகிறது, எந்த இடத்தில் பின்னால் இழுத்து மறுபடி பார்க்கிறீர்கள், டிஸ்கஷன் ஃபோரத்தில் கேள்வி கேட்க ஏன் கூச்சமாக இருக்கிறது, அசைன்மெண்ட்டை ஏன் கடைசி நாள் ராத்திரிக்குத் தள்ளுகிறீர்கள் என்பதெல்லாம் தெரியும். ஒரு நோட்டில் தேதி போட்டு இதை எழுதி வையுங்கள். சில வாரங்கள் போனதும் உங்கள் மாணவர்களைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லாத விஷயங்கள் அந்த நோட்டில் இருக்கும். ஒரு வாரத்தையாவது லேப்டாப்பைத் தொடாமல், போனில் மொபைல் டேட்டாவை மட்டும் வைத்துப் படித்துப் பாருங்கள், உங்கள் மாணவர்களில் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

படி 2: ஒரே ஒரு யூனிட்டை எடுத்து மாற்றுங்கள்

ஐந்து யூனிட்டையும் ஒரேயடியாக ஆன்லைனுக்கு மாற்ற உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். ஒரு யூனிட் போதும், அதிலும் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுகிற யூனிட்டாக இருந்தால் நல்லது.

ஸ்வயம் படிப்புகளுக்கு நான்கு பகுதிகள் உண்டு: வீடியோ, வாசிக்க வேண்டிய பாடம், மதிப்பீடு, கலந்துரையாடல். பலரும் வீடியோவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் ஒப்புக்குச் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மூன்றில்தான் படிப்பே நடக்கிறது. ஐஐடி பம்பாயில் உருவான எல்.சி.எம். என்கிற, கற்பவரை மையமாக வைத்து ஆன்லைன் படிப்பை அமைக்கும் முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு, வீடியோவுக்கு நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு, "இங்கே நிறுத்திவிட்டு உங்கள் பதிலை எழுதுங்கள்" என்று சொல்லி, அதன் பிறகு அந்தப் பதில்களை வைத்தே பாடத்தைத் தொடர்வது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்லைடும் கேட்க நினைக்கிற மனதும் போதும்.

உதாரணத்துக்கு, விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்கிற தேவை விதியை நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். வரையறையோடு தொடங்காதீர்கள். "தக்காளி கிலோ 20 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்குப் போனால் உங்கள் வீட்டில் வாங்கும் அளவு எவ்வளவு குறையும்? உப்பு விலை அதே மாதிரி ஏறினால்?" என்று கேட்டு நிறுத்துங்கள். மாணவர் ஒரு பதிலை எழுதிவிட்டார் என்றால், அது தப்பாகவே இருந்தாலும், அடுத்து வரும் நெகிழ்ச்சியைப் (விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பது) பற்றிய பகுதியைத் தன் பதில் சரியா என்று பார்ப்பதற்காகவாவது கேட்பார்.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்? எட்எக்ஸ் என்கிற ஆன்லைன் தளத்தின் படிப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் நடுமதிப்பு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் இலவசமாக, தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள், இன்டர்னல் மார்க்குக்காகப் பார்க்கிற நம் மாணவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். இருந்தாலும் 50 நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து போடுவதை விட, ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து என்று உடைத்துப் போடுவது எல்லா வகையிலும் மேல். தேடி எடுப்பது சுலபம், டேட்டாவும் மிச்சம்.

படி 3: பதிவு

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், ஒலி சரியில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார். மின்விசிறியை நிறுத்துங்கள், இயர்போன் மைக்கில் பேசுங்கள், ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்கிற பதிவு மென்பொருள் இலவசம், ஸ்லைடையும் உங்கள் முகத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும். பெரிய கோப்பாக ஏற்றாதீர்கள், கூடவே ஸ்லைடுகளைப் பி.டி.எஃப்.பாகவும் ஒலியைத் தனியாகவும் கொடுங்கள், பஸ்ஸில் வரும்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வழிப் பாடமாக இருந்தாலும் கடினமான இடங்களைத் தமிழில் ஒருமுறை சொல்லத் தயங்க வேண்டாம், கல்லூரி வகுப்பறையில் அதைத்தானே செய்கிறோம்.

படி 4: நேரலை வகுப்பு

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு "எஸ் மேம்" என்று நாலு பேர் சாட்டில் போடுவார்கள், அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் ஒரு கணக்கையோ ஒரு சூழலையோ கொடுத்து, "பதிலை சாட்டில் டைப் செய்யுங்கள், நான் சொல்கிற வரைக்கும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து எல்லோரும் ஒன்றாக அனுப்பும்போது, யாரும் யாரையும் பார்த்து எழுத வழியில்லை, கடைசி பெஞ்சுக்காரருக்கும் முதல் பெஞ்சுக்காரருக்கும் ஒரே இடம்தான்.

கேள்வி கேட்டதும் காத்திருக்கவும் பழக வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் வருகின்றன என்றும் 1970-களில் காட்டினார். ஆன்லைனில் மைக்கைத் திறக்கவே நேரம் பிடிக்கும், சிக்னல் வேறு தாமதமாக வரும், அதனால் இன்னும் அதிகம் பொறுக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், முதல் சில வகுப்புகளில் அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையில் நாலு பேர் இருக்கிற வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய அவமானம்.

படி 5: சக ஆசிரியரிடம் காட்டுங்கள்

முதல் படிக்கு அடுத்தபடியாக முக்கியமானது இது, நம் கல்லூரிகளில் அதிகம் நடக்காததும் இதுதான். வேறு துறை ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, ஹெச்.ஓ.டி. வேண்டாம், மதிப்பீடு செய்கிறார் என்ற பயம் வந்துவிடும். உங்கள் பதிவில் 10 நிமிடத்தை மட்டும் அனுப்பி, "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்காமல் குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: "எந்த நிமிடத்தில் உங்களுக்குத் தொடர்பு விட்டுப்போனது?" அல்லது "நான் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு நானே பதில் சொல்லிவிட்டேன்?" பிறகு அவருடைய பதிவை நீங்கள் பாருங்கள். மாதம் ஒருமுறை டீ குடித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை இது, எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

படி 6: மதிப்பீடு

கூகுள் ஃபார்மில் இருபது ஒரு மார்க் கேள்வி வைத்தால் அரை மணி நேரத்தில் விடைகள் வகுப்பு குரூப்பில் சுற்றும். அதை மார்க் இல்லாத பயிற்சியாக வையுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யட்டும். மார்க்குக்கு, ஒவ்வொருவருக்கும் வேறு எண்களோ வேறு ஊரோ கொடுத்து, அவர்கள் செய்த விதத்தை இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அறுபதையும் கேட்க நேரம் ஆகும், உண்மைதான், அதனால் ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும்.

படி 7: நான்காவது வாரம் மாணவர்களைக் கேளுங்கள்

செமஸ்டர் முடிந்து வாங்கும் ஃபீட்பேக் அந்த மாணவர்களுக்கு எந்த உதவியும் செய்யாது. நான்காவது வாரமே பெயர் கேட்காத ஒரு ஃபார்மில் மூன்று கேள்விகள் வையுங்கள்: எது படிக்க உதவுகிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது, எதை நான் மாற்றலாம். வருகிற பதில்களில் உங்களால் முடிந்த ஒன்றை உடனே மாற்றி, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் "நீங்கள் சொன்னதால் இதை மாற்றியிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மாற்ற முடியாததையும் ஏன் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் எட்டாவது வாரம் அதே ஃபார்மை மறுபடி அனுப்பும்போது ஒற்றை வார்த்தையில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுவார்கள்.