யூனிஃபார்ம் அலவன்ஸுக்கு வரி விலக்கு: யாருக்குப் பலன், எப்படிக் கேட்பது

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் சொந்தக் காசில் சேஃப்டி ஷூவும் காக்கிச் சட்டையும் வாங்கிவிட்டு, அந்தப் பில்லை வருமான வரி ரிட்டனில் கழித்துக்கொள்ள நம் ஊரில் வழி இல்லை. எவ்வளவு செலவழித்திருந்தாலும் சரி, பில் எவ்வளவு பக்காவாக இருந்தாலும் சரி. வழி ஒன்றுதான்: கம்பெனி உங்கள் சம்பளத்தில் ‘யூனிஃபார்ம் அலவன்ஸ்’ என்று தனி வரியாகப் பணம் கொடுத்திருக்க வேண்டும். அதில் நீங்கள் உண்மையில் செலவழித்த அளவுக்கு மட்டும் வரி இல்லை. மிச்சம் சம்பளத்தோடு சேரும்.

இதற்கான சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(14), அதோடு விதி 2பிபி. வேலை நேரத்தில் உடுத்தும் சீருடையை வாங்கவும் பராமரிக்கவும் கொடுக்கும் படி என்றுதான் விதி சொல்கிறது. ஆகவே துணி மட்டுமல்ல, தையல் கூலி, சலவை, இஸ்திரி எல்லாம் கணக்கில் வரும். பலர் துணிக்கடை பில்லோடு நிறுத்திவிடுகிறார்கள். வருஷம் முழுக்கப் போகும் சலவைச் செலவு பல நேரம் துணி விலையைத் தாண்டிவிடும்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய சம்பளத்துக்குப் பிரிவு எண்கள் மாறும்.

முதலில் பார்க்க வேண்டியது: பழைய முறையா, புதிய முறையா

வருமான வரி கணக்கிட இரண்டு முறை உண்டு: பழையதில் கழிவுகளும் விலக்குகளும் அதிகம், புதியதில் அவை குறைவு, வரி விகிதமும் குறைவு. புதிய வரி முறையில் யூனிஃபார்ம் அலவன்ஸுக்கு விலக்கு கிடையாது. டூர், டிரான்ஸ்ஃபர் செலவு, வெளியூர் வேலைக்கான தினப்படி, அலுவலக வேலையாகச் சுற்றும் போக்குவரத்துச் செலவு, மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்துப் படி ஆகியவை மட்டும் அங்கே தப்பின. சீருடை தப்பவில்லை. 2023-24 முதல் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். எனவே பழைய முறையில் இருப்பவருக்கு மட்டுமே இந்த வேலை.

சம்பளம் ஆண்டுக்கு 12,75,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்தப் பக்கமே வரவேண்டாம். புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். மதுரையின் கப்பலூர் சிட்கோவிலும் கே. புதூர் தொழிற்பேட்டையிலும் மெஷின் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள்.

சம்பளம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் வரி, செஸ் (வரியின் மேல் 4% கூடுதல்) சேர்த்து 97,500. பழைய முறையில் இதே அளவு வரி வர வேண்டுமானால் மொத்தம் 5,93,750 ரூபாய் கழிவு காட்ட வேண்டும். நிலைக்கழிவு 50,000, பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புக்கான 80சி-யில் 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, என்பிஎஸ் எனும் ஓய்வூதியத் திட்டத்தில் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் முழுசாகப் போட்டாலும் 4,75,000-தான் ஆகிறது. மீதியை எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) போன்ற ஒன்று நிரப்ப வேண்டும். அப்படி நிரம்புகிறவர்தான் யூனிஃபார்ம் பில்லைத் தேடலாம். யூனிஃபார்ம் அலவன்ஸுக்காகவே பழைய முறைக்குப் போவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

புதிய முறையில் இருப்பவர் கேட்க வேண்டியது வேறு. அலவன்ஸைப் பணமாகக் கொடுக்காமல், கம்பெனியே தன் பெயரில் பில் போட்டுச் சீருடையும் ஷூவும் வாங்கித் தரச் சொல்லுங்கள். வேலைக்காகக் கம்பெனி கொடுக்கும் உடை உங்கள் சம்பளமாகாது. எந்த முறையில் இருந்தாலும் தொல்லை இல்லை.

பாதுகாப்புச் சாமான் என்றால் இது உரிமையும்கூட. வெல்டிங் கண்ணாடி, ஹெல்மெட், கிளவுஸ் போன்று சட்டப்படி தொழிற்சாலை கொடுத்தாக வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 114-ஆம் பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே நிலைதான். ‘ஷூவுக்கு சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள், வரியில் கழிக்கலாமா’ என்று ஆடிட்டரிடம் கேட்பதைவிட, ஏன் பிடித்தீர்கள் என்று கம்பெனியில் கேட்பதே சரி.

பழைய முறையில் இருப்பவர் செய்ய வேண்டியவை

ஏப்ரலிலேயே எச்ஆரிடம் பழைய முறை என்று எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளத்திலேயே கழிக்கும் வரியை (டிடிஎஸ்) அதன்படி பிடிப்பார்கள். அப்போதே இரண்டு காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, பே ஸ்லிப்பில் யூனிஃபார்ம் அலவன்ஸ் தனி வரியாக இருக்க வேண்டும். ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று மொத்தமாக இருந்தால் செல்லாது. இரண்டாவது, என்ன உடை என்று சொல்லும் கம்பெனி உத்தரவு: நிறம், லோகோ, எத்தனை செட், ஷூ உண்டா இல்லையா. உத்தரவில் ஷூ இல்லையென்றால் ஷூ பில்லைச் சேர்க்காதீர்கள். ‘ஃபார்மல் டிரெஸ் போட்டு வரவும்’ என்று மட்டும் சொல்லும் ஆபீஸில் கொடுக்கும் அலவன்ஸ் வலுவில்லாதது. கல்யாணத்துக்கும் போட்டுப்போகிற சட்டையைச் சீருடை என்று நிரூபிப்பது கஷ்டம்.

பில்தான் மதுரையில் சிக்கும் இடம். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்தால் பல கடையில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டைக் கையில் கொடுப்பார்கள். அது பில் அல்ல. ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, உங்கள் பெயர் உள்ள பில்லைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. ‘ஜவுளி’ என்று ஒற்றை வார்த்தையில் எழுத விடாமல், ‘நீலச் சட்டைத் துணி 7.5 மீட்டர்’ என்று எழுதச் சொல்லுங்கள். தையல்காரரிடம் செட் எண்ணிக்கை, கூலி, தேதி, கையெழுத்து உள்ள ரசீது போதும். சலவைக்காரரிடம் மாதம் ஒரு வவுச்சர்: எத்தனை உருப்படி, என்ன ரேட், கையெழுத்து. பணத்தை யுபிஐயில் அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகிவிடும். மார்ச் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவால் பன்னிரண்டு வவுச்சர் எழுதினால் பார்த்தவுடன் தெரியும்.

கணக்கு இப்படி வரும். மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000 அலவன்ஸ். துணி 4,200, மூன்று செட் தையல் 3,000, ஷூ 1,900, சலவை மாதம் 400 வீதம் 4,800. மொத்தம் 13,900. இது விலக்கு, மிச்சம் 4,100-க்கு வரி. நீங்கள் 20% வரி அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு மிச்சமாவது 2,891 ரூபாய். 30% என்றால் 4,337. செலவு 20,000 ஆகியிருந்தாலும் விலக்கு 18,000-க்கு மேல் போகாது. பில் தேதி 2025 ஏப்ரல் 1-க்கும் 2026 மார்ச் 31-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் கம்பெனி ஆதாரம் கேட்கும். கழிவு விவரங்களைக் கம்பெனிக்குக் கொடுக்கும் படிவம் 12பிபி-யில் சீருடைக்கு இடம் இல்லை. கம்பெனியின் சொந்த கிளெய்ம் ஃபார்மில்தான் கொடுக்க வேண்டும். 12பிபி-யை நிரப்பிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவதால்தான் பலருக்கு விடுபடுகிறது. ஜூனில் படிவம் 16 (கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று) வந்ததும் 10(14)-இன் கீழ் உங்கள் தொகை இருக்கிறதா பாருங்கள்.

விடுபட்டிருந்தால் ரிட்டனில் கேட்கலாம். ஐடிஆர்-1 எனும் ரிட்டன் படிவத்தில் சம்பளப் பகுதியில் விலக்கு பெற்ற படிகளுக்கான பட்டியல் விரியும். அதில் 10(14) இரண்டு முறை வரும். கடமையைச் செய்வதற்காக உண்மையில் ஆன செலவு என்று இருப்பதுதான் சீருடைக்கு. மற்றது மலைப்பகுதிப் படி, பிள்ளைகள் கல்விப் படி போன்றவற்றுக்கு. படிவம் 16-இல் இல்லாததை ரிட்டனில் போட்டால் கேள்வி வர வாய்ப்பு அதிகம் என்பதால் பில், உத்தரவு எல்லாம் கையில் இருக்கட்டும். ரிட்டனோடு எதையும் இணைக்க வேண்டியதில்லை, ஆனால் நான்கைந்து வருஷம் பத்திரமாக வைத்திருங்கள். வெயிலில் மங்கும் தெர்மல் பேப்பர் பில்லை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் ரிட்டனைக் கெடுவுக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான்; பில் எல்லாம் வீண். செய்யாத செலவைக் காட்டி மாட்டினால் 270ஏ பிரிவில், தப்பிய வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போகும். மூவாயிரம் ரூபாய் மிச்சத்துக்கு அது தேவையே இல்லை.

ரயில்வேக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் டிரெஸ் அலவன்ஸ் ஜூலைச் சம்பளத்தோடு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 2017-இல் ஸ்டேஷன் மாஸ்டருக்கு 10,000, டிராக்மேன், ரன்னிங் ஸ்டாஃபுக்கு 5,000 என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50% ஆகும்போதெல்லாம் இது 25% கூடும். சலவைச் செலவும் இதற்குள்ளேயே அடங்கியது. வரி விலக்குக்கு மேலே சொன்ன விதியேதான்.

சொந்தத் தொழில் என்றால் விஷயமே வேறு. ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் ஆட்களுக்கு வாங்கும் காக்கி, ஏப்ரன், கிளவுஸ் எல்லாம் பிரிவு 37(1)-இல் தொழில் செலவு. பழைய முறை, புதிய முறை என்ற பேதம் இல்லை. உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடும் வழக்கறிஞரின் கவுனும் கழுத்துப் பட்டையும் அப்படியே; உள்ளே போடும் வெள்ளைச் சட்டையைச் சொந்தச் செலவு என்று அதிகாரி தள்ளலாம். ஆனால் 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகளில், வரவில் இத்தனை சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டுபவர் தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அந்த விகிதத்துக்குள்ளேயே சீருடையும் அடங்கிவிட்டதாகக் கணக்கு. கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் ஒரே நாளில் ஒரே கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 40ஏ(3) பிரிவில் அந்தச் செலவு அப்படியே அடிபடும். தீபாவளிக்கு முன்னால் ஆட்கள் எல்லோருக்கும் மொத்தமாக யூனிஃபார்ம் எடுக்கும்போது பேங்க் வழியாகவே கட்டுங்கள்.