ஊர்க் கொடைக்கு ஒரு கரடி: திருவிழா வேஷம் மூலம் குழந்தைகளைப் பாதுகாப்பது எப்படி?

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் என் அக்கா மகள் கூட்டத்தில் தொலைந்துவிட்டாள். ஆறு வயசு. சாமக்கொடை நேரம், நடுராத்திரி. மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நாற்பது நிமிஷம் அலைந்த பிறகு ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் அவளைக் கண்டோம். பலூன்காரர் ஒருவர் தன்னோடு உட்கார வைத்திருந்தார். "அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே மைக்கில் அவள் பெயரையும் பட்டுப்பாவாடை நிறத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பெயரைக் கேட்ட யாரும் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம். மறுநாள்தான் எனக்கு அது உறைத்தது.

அடுத்த வருஷம் விழாக் கமிட்டியில் பேசி ஒரு கரடி வேஷத்தைக் கொண்டுவந்தோம். அதை எப்படிச் செய்தோம், எப்படி நடத்துகிறோம் என்பதை முதல்முறை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. உருவமும் பெயரும்

எங்கள் பக்கம் வேஷம் புதிதல்ல. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு விரதம் இருந்து காளி, குறத்தி, குரங்கு, கரடி என்று வேஷம் கட்டி ஊர் ஊராகப் போவார்கள். அது நேர்த்திக்கடன். நாம் செய்வது அதுவல்ல, இரண்டையும் கலக்க வேண்டாம். குறிப்பாகச் சாமி வேஷம் வேண்டாம். சாமி சொன்னால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கேட்கும். நாம் சொல்லித்தரப் போவதோ மறுத்துச் சொல்லும் தைரியத்தை.

எங்கள் கரடிக்குக் 'கருப்பட்டி' என்று பெயர் வைத்தோம். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி பக்கம் வேறென்ன பெயர் வரும்! முதலில் சிலர் 'கரடி மாமா' என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா கூப்பிடுறேன், வா" என்றுதானே தெரியாத ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பார்க்கிறார்கள்? உறவுமுறைப் பெயர் வைக்காதீர்கள்.

2. தலை செய்வது

வேலையில் பாதி இதுதான். தேவையானவை: பழைய அரை ஹெல்மெட் ஒன்று, ஒரு அங்குல ஸ்பாஞ்ச் ஷீட், ரப்பர் சொல்யூஷன், பொம்மை தைக்கும் ரோமத் துணி, கறுப்புக் கொசுவலை, பவர் பேங்கில் ஓடும் சின்ன ஃபேன்.

ஹெல்மெட்டை அடித்தளமாக வைத்து, ஸ்பாஞ்சைப் பட்டை பட்டையாக வெட்டிக் கூண்டு மாதிரி ஒட்டுங்கள். முழுவதையும் அடைக்காதீர்கள், உள்ளே காற்று ஓட வேண்டும். ரப்பர் சொல்யூஷனின் வாடை தலையைச் சுற்ற வைக்கும், மொட்டை மாடியில் வைத்து ஒட்டுங்கள். ஒட்டியதை இரண்டு நாளாவது வெயிலில் போட்டால்தான் வாடை போகும்.

கரடியின் கண் வழியாக ஆள் பார்ப்பதில்லை. வாய் வழியாகத்தான் பார்ப்பார். அதனால் வாயை நல்ல அகலமாகத் திறந்து உள்பக்கம் கொசுவலை தையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரியும், உள்ளிருப்பவருக்கு வழி தெரியும். ஃபேனை உச்சியில், உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிற மாதிரி திருப்பி வையுங்கள். தாடைவாரை வேஷக்காரரே ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்று பத்துத் தடவை சோதியுங்கள்.

பல் வைக்காதீர்கள். எங்கள் முதல் தலையில் தெர்மாகோல் பல் இருந்தது. ஒத்திகையிலேயே பக்கத்து வீட்டுப் பையன் அலறி ஓடிவிட்டான். பல்லை எடுத்துவிட்டு, கன்னத்தில் சிவப்புத் துணியில் இரண்டு வட்டம் தைத்தோம். மறுநாள் அதே பையன் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

உடம்புக்குத் தளர்வான தையல் போதும். காலில் சாதாரண ஷூ போட்டு மேலே துணி மூடுங்கள், பந்தலில் வயரும் கயிறும் தரையெங்கும் கிடக்கும்.

3. தீயும் சூடும்

ரோமத் துணி பொறி பட்டால் சட்டென்று பற்றும். வெடி போடும் இடம், தீச்சட்டி எடுக்கும் நேரம், பொங்கல் அடுப்பு: மூன்றுக்கும் கருப்பட்டி வரக்கூடாது. இதில் கமிட்டிக்காரர்கள் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தடவை போட்டால் இருபது நிமிஷம், பிறகு தலையைக் கழற்றி நீர்மோரும் ஓய்வும். கழற்றுவது பிள்ளைகள் கண்ணில் படாத மறைப்புக்குள்.

4. கூடவே ஓர் ஆள்

கரடி பேசாது, தனியாகவும் போகாது. முகம் தெரிய, கழுத்தில் கமிட்டி அடையாள அட்டையோடு ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அங்கன்வாடி டீச்சர் அக்கா இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், பேசுவதெல்லாம் அவர்தான்.

கரடி எந்தக் குழந்தையையும் தூக்காது, மடியில் வைக்காது, மிட்டாய் கொடுக்காது, "என்கூட வா" என்று சைகை காட்டாது. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? முகமூடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியாது. நாளைக்கு வேறொருவன் இதே மாதிரி வேஷத்தில் வரலாம். ஆகவே வேஷத்தை நம்பப் பழக்கக்கூடாது, ஒரு இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடம் மைக்செட் பந்தல். அதன் மேல் கரடி முகம் வரைந்த மஞ்சள் கொடி கட்டியிருக்கிறோம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

5. கருப்பட்டி சொல்லித்தருவது

மாலையில் வில்லுப்பாட்டு தொடங்கும் முன் கால்மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றே பாடம்.

ஒன்று, தொலைந்தால் ஓடாதே. கரடி ஓடத் தொடங்கும், அக்கா "நில்லு!" என்பார், கரடி சிலையாக நிற்கும். பிள்ளைகளும் நிற்பார்கள். இதை விளையாட்டாக ஐந்தாறு தடவை செய்யுங்கள். பிறகு மஞ்சள் கொடி எங்கே என்று கேளுங்கள், அத்தனை கையும் நீளும்.

இரண்டு, அம்மா அப்பாவின் முழுப்பெயரும் ஒரு போன் நம்பரும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கரடி கைதட்டும்.

மூன்றாவது பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கரடி கை நீட்டும். குழந்தை வேண்டாமென்று தலையாட்டினால் உடனே கையை இழுத்துக்கொண்டு கும்பிடும். அவ்வளவுதான். போன கொடையில் ஒரு அப்பா போட்டோவுக்காகத் தன் நாலு வயசு மகளைக் கரடி பக்கம் தள்ளினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கருப்பட்டி இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டது. அவர் சங்கடத்தோடு போனைப் பையில் வைத்தார். அரைமணி கழித்து அவளே வந்து, தூரத்தில் நின்று கரடிக்குக் கும்பிட்டாள். 'வேண்டாம்னு சொன்னால் விட வேண்டும்' என்பதை மேடையில் ஒரு மணி நேரம் பேசினாலும் இப்படிப் புரிய வைக்க முடியாது.

6. கைப்பட்டை

சபரிமலைக்குப் போனவர்கள் பம்பையில் போலீசார் குழந்தைகள் கையில் பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். அழியாத மார்க்கரில் பெற்றோரின் இரண்டு போன் நம்பர் மட்டும், பட்டையின் உள்பக்கம் எழுதுங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம். கட்டும்போதே குழந்தையை அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

7. பந்தலுக்கு ஒரு குழந்தை வந்தால்

மைக்கில் குழந்தையின் பெயர், வயது, உடை எதையும் சொல்லாதீர்கள். "பிள்ளையைத் தேடுபவர்கள் மஞ்சள் கொடிக்கு வரவும்" போதும். வருகிறவர் முதலில் அடையாளம் சொல்லட்டும், போனில் உள்ள போட்டோவைக் காட்டட்டும். குழந்தை அவரைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்கிறதா, ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் காவலரை வைத்துக்கொண்டே ஒப்படையுங்கள்.

யாரும் வரவில்லையென்றால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அவசரத்துக்கு 112. தனியாகக் கிடைத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. "காலையில் பார்த்துக்கலாம்" என்று யார் வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

சில சமயம் குழந்தை அக்காவின் காதில் வேறொன்றைச் சொல்லும், யாரோ தொட்டதாக. குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், நாலு பேரைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லவும் வைக்காதீர்கள். நம்பிக் கேட்டுக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது பஞ்சாயத்துப் பேச வந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

8. கொடை முடிந்ததும்

தலையின் உள்பக்கத்தை வேப்பிலைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, வேட்டியில் சுற்றி மேலே தூக்கி வையுங்கள், எலி கடிக்கும். பந்தல் நோட்டில் எழுதிய பெயர்களும் நம்பர்களும் உள்ள பக்கங்களில், போலீசுக்குச் சொன்ன விஷயம் எதுவும் இருந்தால் அதை மட்டும் தலைவர் பத்திரமாக வைக்கட்டும். மற்றவற்றை அன்றே கிழித்து எரித்துவிடுங்கள்.