நடந்துகொண்டே ட்ரம்பெட் ஊத

பெரம்பூர் லூர்து மாதா கோவில் திருவிழா பிப்ரவரியில் வரும். அதற்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளைகள் எங்கள் மொட்டை மாடியில் கூடிவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அழகாக ஊதுகிற பையன், நடக்கச் சொன்னதும் பத்தாவது அடியில் சுருதி விட்டுவிடுவான். "உதடு போச்சு மாஸ்டர்" என்பான். உதட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவன் ட்ரம்பெட்டைத் தூக்கிய விதம்தான் தப்பு.

நம்மில் பலருக்குக் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்குச் சற்று உள்ளே இருக்கும். அதனால் இயல்பாக வாயில் வைத்தால் பெல், அதாவது ட்ரம்பெட்டின் விரிந்த முனை, கொஞ்சம் தரையைப் பார்க்கும். உட்கார்ந்து ஊத அது போதும். ஊர்வலத்தில் அப்படிப் பிடித்தால் சத்தம் முன்னால் போகிறவர் முதுகோடு நின்றுவிடும். டிரம் கோர் எனப்படும் அமெரிக்க அணிவகுப்பு இசைக்குழுக்களில் பெல்லை மட்டத்துக்கு மேலே 10 டிகிரி தூக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அளக்கக் கருவி வேண்டாம். உதட்டில் வைக்கும் மவுத்பீஸைவிட பெல் நாலைந்து விரல் அகலம் உயரமாக இருந்தால் சரி.

அந்த உயரத்துக்கு எல்லோரும் கழுத்தைப் பின்னால் சாய்த்துத்தான் போகிறார்கள். தொண்டை இறுகும், மவுத்பீஸ் மேலுதட்டை நசுக்கும். முக்கியமாக அதிர்கிற உதடே அதுதான். நசுங்கினால் மேல் ஸ்வரம் வராது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தில் நாகசுரத்தைக் கீழே சாய்த்து வாசித்துக்கொண்டே நடக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று ஒரு பாப்பா கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே நாகசுரத்தின் முனையில் செருகும் நாணல் சீவாளி அதிர்கிறது. இங்கே நம் உதடே சீவாளி.

கழுத்து நேராக, பார்வை நேராக இருக்கட்டும். கருவியைக் கைகள் தூக்கட்டும். கீழ்த்தாடையை நூலளவு முன்னே கொண்டுவந்து, மேல் கீழ் முன்பற்களை ஒரே கோட்டில் நிறுத்துங்கள். ட்ரம்பெட் இல்லாமலே இதைப் பழகலாம். உள்ளங்கையை வாய்க்கு நேரே ஒரு சாண் தள்ளி வைத்து ஊதுங்கள். காற்று மோவாய்ப் பக்கம் இறங்கினால் தாடை இன்னும் உள்ளே இருக்கிறது. உள்ளங்கை நடுவில் பட்டால் கருவியை எடுக்கலாம். தினம் ஐந்து நிமிடம், நடு ஸ்வரங்கள் மட்டும். மூன்று நான்கு வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். மேல்பல் நன்றாக முன்தள்ளிய பிள்ளைக்கு இது முழுசாக வராது. அவனை வற்புறுத்த மாட்டேன். வரிசையில் ஒரு பெல் இறங்கித் தெரிந்தால் தெரியட்டும், பிள்ளையின் உதடுதான் எனக்குப் பெரிது.

ட்ரம்பெட்டின் எடை ஒரு கிலோவுக்குப் பக்கம். அதை இடது கை சுமக்க வேண்டும். வலது சுண்டுவிரலை மேலே இருக்கும் கொக்கியில் மாட்டி இழுத்தால் அத்தனை அழுத்தமும் உதட்டில்தான் இறங்கும். கொக்கியிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். முழங்கைகள் விலாவில் ஒட்டாமல் சற்று விலகி நிற்கட்டும்.

அப்புறம் கால். குதிகால் முதலில் படிந்து, பாதம் உருண்டு, விரலில் முடிய வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் அணிவகுப்பில் ஒவ்வொரு அடியும் பல்லில் இடித்தால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். நான் கொடுக்கும் பயிற்சி இது: டம்ளரில் தளும்பத் தண்ணீர் ஊற்றி, ட்ரம்பெட் பிடிக்கும் உயரத்தில் இரண்டு கையாலும் ஏந்தி மாடியைச் சுற்றி வர வேண்டும். தண்ணீர் சிந்தாத அன்றைக்குத்தான் நடந்துகொண்டே ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதவிடுவேன். மூச்சை வாயின் இரு ஓரத்தாலும் இழுங்கள், மவுத்பீஸ் இடம் மாறக்கூடாது. இரண்டு அடிக்கு இழுத்து, ஆறு அடிக்கு விடுவதில் தொடங்கலாம்.

வேகத்தடை வந்தால் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பாட்டைத் தாங்கிக்கொள்வார். இளம் வயதில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நான் எடுக்கவில்லை. மவுத்பீஸ் முன்பல்லில் மோதி, உதட்டின் உள்பக்கம் கிழிந்து இரண்டு வாரம் ஊத முடியாமல் கிடந்தேன்.

மே மாதக் கல்யாணத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழலுக்குள் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடி சுருதி ஏறும். ஏசி மண்டபத்துக்குள் சுருதி சேர்த்துவிட்டு வெளியே வந்தால் சேராது. தெருவில் பத்து நிமிடம் நின்று ஊதியபின், சுருதி சேர்க்கும் நகரும் குழாயான டியூனிங் ஸ்லைடை வேண்டிய அளவு வெளியே இழுத்துச் சரிசெய்யுங்கள். வெயிலில் கிடந்த மவுத்பீஸ் உதட்டைச் சுட்டுவிடும், ஊதாத நேரத்தில் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வையுங்கள். காமராஜர் சாலை அணிவகுப்பென்றால் கடல்காற்றில் உதடு காயும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

முடிந்ததும் அப்படியே பெட்டியில் வைத்து மூடாதீர்கள். கீழ் ஸ்வரங்களை மெதுவாக இரண்டு நிமிடம் ஊதி, குதிரை செய்வதுபோல உதட்டைத் தளர்த்திப் படபடக்க விடுங்கள். மறுநாள் காலை மேலுதட்டின் உள்ளே பல் பதிந்த தடம் தெரிந்தால் அன்று ஊத வேண்டாம். கண்ணாடி முன் நின்று, இடது கையால் மட்டும் ட்ரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துப் பழகுங்கள்.