ஊர் மாத்திரையோடு வருபவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வங்கிக் கணக்கு, லைசென்ஸ், எந்தக் கடையில் இட்லி அரிசி என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. எடுப்பதையே யாரும் வெளியில் சொல்வதில்லையே. என் அறைத்தோழன் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

நடைமுறை சுலபம். இன்சூரன்ஸ் வந்ததும் ப்ரைமரி கேர் டாக்டரிடம், அதாவது எதற்கும் முதலில் பார்க்கும் பொது மருத்துவரிடம், அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஊர் மருந்து தீரும்வரை காத்திருக்க வேண்டாம். சீட்டு டாக்டரிடமிருந்து நேரே ஃபார்மசிக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

சிக்கல் பெயரில். ஊரில் நெக்சிட்டோ, எஸ் சிட்டாடெப் என்று வாங்கியதன் உள்ளே இருப்பது எஸ்சிட்டலோப்ராம். இங்கே அதன் ப்ராண்ட் லெக்ஸாப்ரோ. ஃபார்மசியில் கைக்கு வருவது பெரும்பாலும் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்பது; லேபிளில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். பெயர் வேறு என்பதால் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள், டோஸ் இரட்டிப்பாகிவிடும்.

‘ஜெனரிக் மட்டம், ப்ராண்ட்தான் ஒரிஜினல்’ என்று சொல்லும் மாமாக்களுக்கு ஒரு செய்தி: எஸ்சிட்டலோப்ராமைக் கண்டுபிடித்தது டென்மார்க்கின் லுண்ட்பெக். ஊரில் நாம் ப்ராண்ட் என்று நம்பி வாங்கியதே பெயர் சூட்டிய ஜெனரிக்தான். ஜெனரிக்கில் தவறே நடக்காது என்றும் இல்லை. வெல்பூட்ரின் எக்ஸ்எல் 300 என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துக்கு ஈடாக விற்ற ஒரு ஜெனரிக் மாத்திரை ஈடில்லை என்று 2012-ல் எஃப்டிஏ (இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) சொல்லி, அது சந்தையை விட்டுப் போனது. ஆனால் அது அபூர்வம்.

இங்கே மாத்திரைகளின் மேல் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டிலடியில் கிடந்த ஒன்றைக்கூட அந்தப் பொறிப்பையும் நிறத்தையும் வடிவத்தையும் கொடுத்து இணையத்தில் தேடி இன்னதென்று சொல்லிவிடலாம். நம் ஊர் மாத்திரையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எல்லாம் அட்டையில்தான், அந்த அட்டையையும் மெடிக்கல் ஷாப்பில் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

என் அறைத்தோழன் கையில் இருந்தது அப்படி வெட்டிய பாதிதான். டாக்டரிடம் “எஸ்சிட்டலோப்ராம், பத்து” என்றான். அவரும் அதையே எழுதினார். ஊர் மருந்து தீர்ந்து இதற்கு மாறிய மூன்றாம் நாள் தூக்கம் போயிற்று. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. “டூப்ளிகேட் மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்று ஜெனரிக்கைத் திட்டினான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், வெட்கம்தான்.

எமர்ஜென்சியில் இரவு பதினொரு மணிக்கு, “ஊரில் சரியாக என்ன எடுத்தாய்?” என்று கேட்டார்கள். உசிலம்பட்டியில் அப்போது காலை. மருந்துக்கடை அண்ணனுக்கு வாட்ஸ்அப் செய்தோம். பத்தே நிமிடத்தில் முழு அட்டையின் படம் வந்தது. பெயருக்குப் பின்னால் ‘ப்ளஸ்’. எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமோடு, பதற்றத்தைத் தணிக்கும் குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம். இரண்டையும் ஒரே மாத்திரையில் போட்டு விற்பது நம் ஊர் வழக்கம், இங்கே அப்படி ஒன்று கிடையாது. குளோனாசெபாம் பழக்கமாகிவிடக்கூடியது என்பதால் இங்கே கட்டுப்பாட்டு மருந்து. ஒன்றரை வருடம் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா விடுமா? வலிப்புகூட வரலாம் என்றார்கள். அதைத் தனியாக எழுதிக் கொடுத்து, பல வாரங்களில் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். பில் தொகையை இங்கே எழுதினால் எனக்கே படபடக்கும்.

ஆகவே கிளம்பும் முன் அட்டையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் படம் எடுங்கள். வெட்டாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ‘ப்ளஸ்’, ‘ஃபோர்ட்’ என்று வால் இருந்தால் பின்னாலுள்ள பொடி எழுத்தில் எத்தனை மருந்து என்று எண்ணுங்கள். ஊர் டாக்டரிடம் மருந்துப் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ப்ராண்ட் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. அடுத்த முறை பாட்டிலில் வேறு நிற மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபார்மசி வேறு கம்பெனியிடம் வாங்கியிருக்கலாம். கவுண்டரில் கேட்டால் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள்.

அப்புறம், அவன் அவ்வளவு திட்டிய அந்த பாட்டிலை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தது குஜராத் கம்பெனி.