சின்னக் குழந்தைகளுக்கு ஒரு முதல் பலகை விளையாட்டு: வீட்டிலேயே செய்து ஆடலாம்

நான்கு வயதுக் குழந்தையோடு பலகை விளையாட்டு ஆட உட்கார்ந்தால், பல வீடுகளில் ஆட்டம் அழுகையில்தான் முடிகிறது. அக்கா ஜெயித்தால் தம்பி அழுவான். தம்பி ஜெயிக்கட்டும் என்று அப்பா விட்டுக்கொடுத்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள். தோல்வியைத் தனியாகத் தாங்குவது அந்த வயதுக்குப் பெரிய பாரம். அதனால் முதல் விளையாட்டில் எல்லோரும் ஒரே கட்சியாக இருப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்தே.

ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட பழத்தோட்ட விளையாட்டு இந்த வகைதான். காகம் வருவதற்குள் எல்லோருமாகச் சேர்ந்து பழம் பறிக்க வேண்டும். அதில் மரத்துக்கு 10 வீதம் 40 பழங்கள். இங்கே நாம் செய்யப்போவது 16 பழங்கள் உள்ள சின்ன ஆட்டம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு வயதின் பொறுமைக்கு அது போதும்.

முதலில் பலகை. ஒரு கெட்டி அட்டையின் நான்கு மூலையிலும் நான்கு மரங்களை வரையுங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று மரத்துக்கு ஒரு நிறம். ஒவ்வொரு மரத்திலும் நான்கு வட்டம் போடுங்கள், பழம் வைக்க. நடுவில், அட்டையின் கீழ் ஓரத்திலிருந்து மேல் நோக்கி, 5 கட்டங்கள் உள்ள ஒரு பாதை. அதன் முடிவில் தோட்டத்தின் வாசல். வரைவதில் அழகு பார்க்க வேண்டாம். குழந்தையையே வண்ணம் தீட்ட விடுங்கள். கோட்டைத் தாண்டித் தீட்டினாலும், தான் தீட்டிய மரம் என்ற உரிமையோடு ஆட வரும்.

அடுத்து பழங்கள். நிறத்துக்கு நான்காகப் பெரிய பட்டன்கள் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் பட்டன் வேண்டவே வேண்டாம். வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கிவிடும். உள்ளங்கை அளவுக்கு அட்டைப் பழங்களாக வெட்டுங்கள், பகடையையும் பெரிதாகச் செய்யுங்கள். காகத்துக்கு ஒரு கறுப்பு மூடி. பறித்த பழங்களைப் போட ஒரு கிண்ணம்.

பகடைதான் இதில் உயிர். சாதாரணப் பகடையின் ஆறு பக்கங்களிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: நான்கில் நான்கு நிறங்கள், ஒன்றில் கூடை, ஒன்றில் காகம். எண்ணே கிடையாது என்பதால், எண்ணத் தெரியாத குழந்தையும் யாரையும் கேட்காமல் ஆடலாம். நிறத்தோடு ஒரு வடிவத்தையும் சேர்த்து வரைந்துவிடுங்கள்: சிவப்புக்கு வட்டம், பச்சைக்கு முக்கோணம், இப்படி. மரத்திலும் அதே வடிவம் இருக்கட்டும். சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாக இருக்கும். அது பல வருடம் வீட்டாருக்குத் தெரியாமலே போவதும் உண்டு.

சரி, இப்போது ஆட்டம். காகத்தைப் பாதைக்கு வெளியே நிறுத்துங்கள். வயதில் சின்னவர் தொடங்கட்டும். ஒரு முறை உருட்டினால் ஒரே ஒரு வேலை. நிறம் விழுந்தால் அந்த மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அந்த மரம் காலியாகியிருந்தால் ஒன்றும் இல்லை, பகடை அடுத்தவருக்கு. கூடை விழுந்தால் எந்த மரத்திலிருந்தும் ஒரு பழம். காகம் விழுந்தால் காகம் ஓர் அடி முன்னே வரும். ஐந்து கட்டங்களையும் கடந்து ஆறாவது அடியில் அது தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் காகத்துக்கு. அதற்குள் 16 பழங்களும் கிண்ணத்துக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. இந்தக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை நம் கட்சியே ஜெயிக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். "காக்கா வர்றதுக்குள்ள பழம் பறிக்கணும்" என்று மட்டும் சொல்லிப் பகடையைக் கையில் கொடுங்கள். மற்ற விதிகளை அந்தந்தப் பக்கம் விழும்போது சொன்னால் போதும். சின்னக் கைகள் பகடையை உருட்டாமல் வீசும், இல்லையென்றால் கைக்குள்ளேயே இறுக்கி வைத்துக்கொண்டு கீழே போடும். விளிம்புள்ள ஒரு தட்டை நடுவில் வைத்து அதற்குள் போடச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் தேடும் வேலை மிச்சம்.

கூடை விழும் இடத்தில்தான் பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும். அதிகப் பழம் மீதியிருக்கும் மரத்திலிருந்து எடுப்பதே புத்திசாலித்தனம். ஏனென்றால், ஒரு மரம் காலியாகிவிட்டால் பகடையில் அந்த நிறம் வீணாகிறது. காகத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் குழந்தை தனக்குப் பிடித்த நிறத்தில்தான் எடுக்கும். எடுக்கட்டும். "அதை எடு, இதை எடு" என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால் ஆடுவது நீங்கள், உருட்டுவது மட்டும் குழந்தை. உங்கள் முறை வரும்போது, "மஞ்சளில் நிறைய இருக்கே, அதிலிருந்து எடுக்கிறேன்" என்று சத்தமாக யோசித்துக் காட்டுங்கள். சில ஆட்டங்கள் போனபின் அதே வாக்கியம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

காகம் வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதைத் திருட்டுத்தனமாகப் பின்னுக்கு நகர்த்தாதீர்கள். குழந்தை பார்த்துவிட்டால் விதிகள்மேல் நம்பிக்கை போய்விடும். தோற்றால், "காக்கா சாப்பிட்டுடுச்சு, மறுபடி போடலாமா?" என்று கேட்டுப் பழங்களை மரத்தில் அடுக்கத் தொடங்குங்கள். அடுக்குவதையும் குழந்தையிடமே கொடுங்கள். நிறம் பார்த்துப் பிரித்து வைப்பதே சிலருக்கு ஆட்டத்தைவிடப் பிடிக்கும்.

அப்புறம், பழகியதும் மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தால் பாதையில் ஒரு கட்டத்தை மூடிவிடுங்கள். தோல்வி அதிகமானால் ஒன்றைக் கூட்டுங்கள். ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, கூடை விழுந்தால் இரண்டு பழம் என்று வைத்து, மரத்துக்கு ஆறு பழமாக ஆக்கலாம். அதற்கும் மேல் ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் குழந்தையையே கேளுங்கள். காகத்தைத் துரத்த ஒரு நாய் வேண்டும் என்று சொன்னால், இன்னொரு மூடியை எடுத்து வைத்துவிட்டு, அந்த நாய் எப்போது குரைக்கும் என்ற விதியைக் குழந்தையின் வாயாலேயே சொல்ல வையுங்கள்.