எஃப்டி கார்டு எடுத்தும் சிபில் ஸ்கோர் வராமல் இருந்தது: எப்படிச் சரியானது

முதல் வேலையில் சேர்ந்ததும், கடன் வரலாறு தொடங்கட்டும் என்று எஃப்டி (நிரந்தர வைப்பு) வைத்து அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன், மாதாமாதம் முழுத் தொகையும் தேதிக்கு முன்பே கட்டினேன், ஆனாலும் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், இருக்க வேண்டிய இடத்தில் -1 மட்டும்தான். 300 முதல் 900 வரை வர வேண்டிய எண், வரலாறே இல்லை என்றால் அப்படித்தான் காட்டும்.

வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் காத்திருக்கச் சொன்னார்கள். வேறு செயலிகளில் பார்த்தேன், அதே கதை.

அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபிலின் முழு அறிக்கையை இறக்கினேன். இங்கேதான் விஷயம்: விசாரணைப் பகுதியில் (விண்ணப்பத்தின்போது நம் விவரத்தைப் பார்த்தவர்களின் பட்டியல்) அந்த வங்கியின் பெயர் இருக்கிறது, கார்டு, கடன் விவரங்கள் வர வேண்டிய கணக்குப் பகுதி காலி! விண்ணப்பம் என் பான் எண்ணோடு போயிருக்கிறது, வங்கி சிபிலுக்கு அனுப்பும் மாதத் தகவலோ பள்ளி நாளில் அதே வங்கியில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கின் வாடிக்கையாளர் விவரத்திலிருந்து போகிறது, அதில் பான் இல்லை, பெயரில் இனிஷியல் மட்டும், பிறந்த தேதியும் வேறு.

கிளைக்கே போய் பான், ஆதார் நகல்களோடு கேஒய்சி-யை (வங்கியில் உள்ள அடையாள விவரம்) திருத்தி, கார்டுத் தகவலைத் திரும்ப அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்து, ஒப்புகையும் வாங்கினேன். அடுத்த அறிக்கையில் கார்டு பழைய மாதங்களோடு வந்துவிட்டது, ஸ்கோரும் வந்தது. பெரிய நிம்மதி. எஃப்டி கார்டு எடுப்பவர்கள் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கணக்குப் பகுதியைத் திறந்து பாருங்கள்.