மீன், செவுள் முளைத்த எலி அல்ல: எதிர்ப்பொருள் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனின் நோயெதிர்ப்பைப் படிக்க வருபவர்களில் பாதிப் பேர் எலியில் கைபழகி வருகிறார்கள். மீதிப் பேர் கையில் கிடைக்கும் புரோட்டோகால் (செய்முறைக் குறிப்பு), எலியில் கைபழகியவர்கள் எழுதியது. அதனால் எங்கள் தலைமுறை விழுந்த குழிகளிலேயே ஒவ்வொரு புது பேட்ச்சும் வரிசையாக விழுகிறது. டியூபில் பெயர் எழுத மறப்பது போன்றவை இரண்டு முறை திட்டு வாங்கினால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீரத்தில் ஐஜிஎம் ஏறவில்லை, ஆகவே தடுப்பூசி தோல்வி

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர். ஐஜி என்றால் எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதம்; பின்னால் வரும் எழுத்து அதன் வகை. எலும்பு மீன்களிடம் நம்மிடமும் எலியிடமும் இருக்கும் ஐஜிஜி கிடையாது. இருப்பவை ஐஜிஎம், ஐஜிடி (IgD), அப்புறம் மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது 2005 வரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டில் ஜீப்ராமீனில் ஒரு குழுவும் ரெயின்போ ட்ரவுட் மீனில் இன்னொரு குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு எழுத்து (Z, T) வைத்தன. இங்கே ஜீப்ராமீன்காரர்கள் வைத்தபடி ஐஜிஸெட் (IgZ) என்றே சொல்கிறேன்.

ஐஜிஸெட்டின் வேலைக்களம் குடல், தோல், செவுள். குடலைப் பொறுத்தவரை இதை 2010ல் ட்ரவுட்டில் தெளிவாகக் காட்டியது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓரியோல் சுன்யரின் குழு. குடல் ஒட்டுண்ணியிலிருந்து பிழைத்த மீன்களில், ஒட்டுண்ணிக்கு எதிரான ஐஜிஎம் முக்கியமாகச் சீரத்தில் இருந்தது. ஐஜிஸெட் குடல் கோழையில் இருந்தது. ட்ரவுட்டின் சீரத்தில் ஐஜிஎம்மோடு ஒப்பிட்டால் ஐஜிஸெட் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதாவது ரத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது இல்லாத மாதிரியே தெரியும்.

சரி, நடப்பது என்ன? எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் கெண்டைக் குஞ்சுகளைத் தடுப்பு மருந்து கலந்த நீரில் முக்கி எடுத்தார்கள். மருந்து உள்ளே போவதே செவுள், தோல் வழியாகத்தான். ஆனால் எடுத்த மாதிரி ரத்தம் மட்டும். எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனையில் ஐஜிஎம் அசையவே இல்லை. ‘பலனில்லை’ என்று அறிக்கை எழுதி, தொட்டியையும் காலி செய்துவிட்டார்கள். நோய்க்கிருமியைக் கொடுத்து எத்தனை மீன் பிழைக்கிறது என்றும் பார்க்கவில்லை. ஒரு துண்டு செவுள்கூட ஃப்ரீஸரில் இல்லை. மருந்து உண்மையிலேயே வேலை செய்யாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல அவர்களிடம் ஆதாரமே இல்லை. ஒரு வருடப் பணமும் ஓர் ஆராய்ச்சி மாணவரின் பொறுமையும் போனதுதான் மிச்சம்.

ஆகவே முக்கிக் கொடுத்தாலும் தீவனத்தில் கொடுத்தாலும் கோழை, செவுள், குடல், சீரம் நான்கையும் எடுத்து வையுங்கள். இன்றைக்கே அளக்க வேண்டாம், எடுத்து வைத்தால் போதும். கோழை எடுக்கும்போது செவுள் கீறி ரத்தம் கலந்துவிட்டால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடுங்கள். சீரத்தின் ஐஜிஎம் வந்து கொட்டி, விகிதத்தையே புரட்டிவிடும்.

உங்கள் மீனுக்கு ஐஜிஸெட்டைப் பிடிக்கும் கருவி கடையில் கிடைக்காமல் இருக்கலாம். அப்போது எல்லோரும் மரபணு வெளிப்பாட்டை அளந்துவிட்டு ‘எதிர்ப்பொருள் கூடியது’ என்று எழுதுகிறார்கள். ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) கூடியது என்பது அந்தக் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கூடியது ஆகாது. ஐஜிஸெட்டின் நிலைப்பகுதியை (அந்த வகைக்குள் மாறாத பகுதியை) புரதமாகத் தயாரித்து, அதற்கு எதிராக முயலில் எதிர்ப்பொருள் எழுப்புவது பழைய வழி, மெதுவான வழி, ஆனால் நேர்மையான வழி. அதற்கு முன்னால் உங்கள் மீனிடம் ஐஜிஸெட் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பண்ணைகளில் வளர்க்கும் சேனல் கெளுத்தியிடம் அது இல்லை.

ஒரே பிரைமரை வைத்து ‘முழுத் தொகுப்பு’ என்பது

மேலே சொன்னதன் அண்ணன் தம்பி. முழுத் தொகுப்பு என்றால் ஒரு மீனிடம் உள்ள எல்லா எதிர்ப்பொருள் வரிசைகளும்; பிரைமர் என்றால் எந்த மரபணுவை நகலெடுப்பது என்று தேர்ந்து ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு. ஐஜிஸெட்டுக்கு நிலைப்பகுதி மட்டுமல்ல, மாறும் பகுதியைக் கட்டும் டி, ஜே மரபணுத் துண்டுகளும் தனி. ஐஜிஎம்மின் நிலைப்பகுதியில் ஒட்டும் பிரைமரோடு எத்தனை லட்சம் வரிசை படித்தாலும் ஐஜிஸெட் ஒன்றுகூட வராது. புரதத்தைத் துரத்தியவர்கள் கையில் பல வருடம் சிக்காமல் இருந்தது, மரபணு வரிசைகளைத் துழாவியபோதுதான் மாட்டியது. அப்படியிருக்க, வரிசை படிக்கும் கருவியை வைத்துக்கொண்டே அதைத் தவறவிடுவது அநியாயம்.

டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் செய்த பிழையைப் புது எதிர்ப்பொருள் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாளக் குறி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

56 டிகிரி

காம்ப்ளிமென்ட் என்னும், கிருமியைத் தாக்கும் சீரப் புரதங்களைச் செயலிழக்க வைக்கப் பாலூட்டிச் சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைப்பார்கள். சால்மன், ட்ரவுட் குடும்பத்துக்கு 44, 45 டிகிரியே போதும். அதற்கு மேல் சூடாக்கினால், அளக்க வந்த எதிர்ப்பொருளையே கெடுத்துவிடலாம். உங்கள் மீனுக்கு எவ்வளவு என்று ஒரு முறை சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

புரோட்டீன் ஏ

எதிர்ப்பொருளைப் பிடித்துச் சுத்தம் செய்ய உதவும் பாக்டீரியாப் புரதம். ஐஜிஜிக்கானது. மீன் ஐஜிஎம்முக்கு நம்பாதீர்கள்.

ஐந்து கை ஐஜிஎம்

நம்முடையது ஐந்தலகு. எலும்பு மீனுடையது நான்கு. அலகுகளுக்கு இடையே உள்ள டைசல்பைடு பிணைப்பும் எல்லா மூலக்கூறிலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒடுக்கி (இந்தப் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) சேர்க்காத ஜெல்லில் ஐஜிஎம் பல பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். ‘சுத்தம் செய்தது கெட்டுவிட்டது’ என்று கொட்டிவிடாதீர்கள்.

பதினான்காம் நாள்

எதிர்ப்பொருளை அளக்க இந்த நாளைக் குறிப்பது எலிக்கான நாட்காட்டி. மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். குளிர்ந்த நீரில் எதிர்ப்பொருள் எழ வாரக்கணக்காகும். குளிர்நாட்டுப் பண்ணைக்காரர்கள் நாளை எண்ணுவதில்லை. வெப்பத்தையும் நாளையும் பெருக்கி எண்ணுகிறார்கள். 10 டிகிரியில் 40 நாள் என்றால் 400. நீங்களும் தண்ணீரின் வெப்பத்தைத் தினமும் குறித்து வையுங்கள்.

தடுப்பூசி போடாத மீனை மறப்பது

மீனின் சீரத்தில் எதையும் லேசாகப் பிடிக்கும் இயற்கை எதிர்ப்பொருள் ஏராளம். எலைசா தட்டைப் பூசும் மாட்டு ஆல்புமினைக்கூடப் பிடிக்கலாம். தடுப்பூசி போடாத மீனையும் கூடவே அளக்காவிட்டால், இதைத் தடுப்பூசியின் பலன் என்று எண்ணிவிடுவீர்கள்.

மின்னும் செல் எல்லாம் தேடிய செல் என்பது

எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க, ஒளிரும் சாயம் பூசிய பாக்டீரியாவைத் தூண்டிலாகப் போட்டு, அதைப் பிடித்த பி செல்களை (எதிர்ப்பொருள் செய்யும் செல்களை)ப் பிரித்தெடுப்பார்கள். ஆனால் மீனின் பி செல்கள் பாக்டீரியாவை விழுங்கவும் செய்யும். 2006லேயே ட்ரவுட்டில் காட்டிவிட்டார்கள். மேற்பரப்பில் எதிர்ப்பொருளால் பிடித்த செல்லும் மின்னும், சும்மா விழுங்கிய செல்லும் மின்னும். முடிந்தவரை கரையும் புரதத்தையே தூண்டிலாக்குங்கள், செல்களைப் பனிக்கட்டி மேலேயே வையுங்கள், சம்பந்தமில்லாத இன்னொரு புரதத்தை வேறு நிறத்தில் கூடவே போடுங்கள். இரண்டு நிறத்திலும் மின்னுகிற செல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.